கேபசிட்டபின் எடுப்பவருக்குச் சத்து மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்ப் பிரிவின் மருந்தகத்தில் புதிதாகச் சேரும் மருந்தாளுநர்கள், தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன். உணவு முடிந்து அரை மணிக்குள் மாத்திரை போடச் சொல்ல மறப்பது போன்றவை பயிற்சியிலேயே திருத்தப்படும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பி6 தடுத்துவிடும் என்று நம்புவது

கேபசிட்டபின் என்னும் புற்றுநோய் மாத்திரையை எடுப்போரில் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். அதைத் தடுக்க வைட்டமின் பி6 எழுதுவது பழைய வழக்கம். நாளொன்றுக்கு 200 மி.கி. கொடுத்துப் பார்த்த தென்கொரிய ஆய்விலும் (2010) சிங்கப்பூர் ஆய்விலும் (2017) அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பையும் பாதிக்கும்; உடன், நரம்பைப் பாதிக்கும் மற்றொரு புற்றுநோய் மருந்தான ஆக்சாலிபிளாட்டினும் ஏற்றப்படுபவருக்கு விரல்கள் மரத்துப்போனால் எதனால் என்று பிரித்தறிவது கடினம்.

பி6 கேட்டவருக்கு பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் சீட்டில் இருந்த பி6 கிடைக்காமல், "அதுவும் இதில் இருக்கிறது ஐயா" என்று வீட்டருகே ஒரு கடையில் கொடுத்த பி காம்ப்ளெக்ஸை நாள்தோறும் விழுங்கியிருந்தார். அடுத்த சுற்றுக்கு வந்தபோது செருப்புப் போட முடியாதபடி பாதம் வெடித்திருந்தது, வயிற்றுப்போக்கும் இருந்தது. அந்த மாத்திரை ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் அதன் அட்டையின் பின்புறத்தில் ஃபோலிக் அமிலம் என்று அச்சிட்டிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. கேபசிட்டபின் உடலுக்குள் ஃபுளோரோயுராசிலாக மாறி, உயிரணு பெருகத் தேவையான தைமிடிலேட் சிந்தேஸ் என்னும் நொதியை முடக்குகிறது. ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் இதன் ஒரு வடிவம்) மிகுந்தால் அந்தப் பிடி மேலும் இறுகி, புற்றணுவோடு தோலும் குடலும் சேர்ந்து அடி வாங்குகின்றன. ஃபோலேட்டின் மற்றொரு வடிவமான ஃபோலினிக் அமிலத்துடன் சேர்த்துக் கொடுத்தபோது கேபசிட்டபினின் தாங்கக்கூடிய உச்ச அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3,000 மி.கி.யிலிருந்து 2,000 மி.கி.யாகக் குறைந்தது. தோலைக் காக்க வாங்கிய சத்து மாத்திரையால் புற்றுநோய் மருந்தின் அளவையே குறைக்க நேர்ந்தால், அதைவிட விலை உயர்ந்த வைட்டமின் வேறில்லை. ஆகவே "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்பதோடு நிற்காமல், சத்து மாத்திரை அட்டைகளையும் டானிக் புட்டிகளையும் கொண்டுவரச் சொல்லிப் படியுங்கள், பலர் இவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பெமெட்ரெக்செட்டுக்கும் இதே விதியைப் பொருத்துவது

பெமெட்ரெக்செட் என்னும் வேறொரு புற்றுநோய் மருந்தில் கதை தலைகீழ். ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் முன்கூட்டியே தொடங்கப்பட வேண்டும். அவற்றை நிறுத்தினால் ஆபத்து. அங்கே தோல் தடிப்பைக் குறைப்பது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு.

மாத்திரை தேடிப் பூச்சை மறப்பது

புது தில்லி எய்ம்ஸ் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், 1% டைக்ளோஃபெனாக் ஜெல் பூசியவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும் மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் கேபசிட்டபினால் வரும் இந்தக் கை, கால் பாதிப்பு நடுத்தர அல்லது கடும் நிலையை எட்டியது. யூரியா களிம்புக்கும் சான்று உண்டு. எதைப் பூசுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

பயோட்டின்

பல சத்து மாத்திரைகளில் இருக்கும் இந்த பி வைட்டமின், ட்ரோபோனின் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு முடிவுகளைத் திரித்துவிடும். நோயாளி அதை எடுத்தால், ரத்தம் எடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லுங்கள்.