பூனைக்குட்டியை எடுப்பதற்கு முன்: கொங்குப் பக்கம் பூனை மீட்பு தொடங்குவோருக்கு

சோளத்தட்டுப் போரின் இடுக்கு, தறிக்குடோனில் பாவு பீம்களுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு, பனியன் கம்பெனியின் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு குழி. நம் பக்கத்துத் தாய்ப்பூனைகள் குட்டி போட இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடும். போரைப் பிரிக்கும்போதோ மூட்டையை நகர்த்தும்போதோ குட்டிகள் கண்ணில் படும். உடனே போன் வரும்: "ஏனுங்க, மூணு குட்டி கெடக்குதுங்க, தாயக் காணோமுங்க. எடுத்துட்டு வந்துட்டேன். இனி என்னங்க பண்றது?"

எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. குட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு தாயை அங்கேயே விட்டுவந்தால், சில மாதங்களில் அதே இடத்தில் அடுத்த ஈத்துக் கிடக்கும். பூனையின் சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகக்கூடிய பிராணி அது. ஆகவே கீழே சொல்லும் எல்லாப் படிகளும் தாய்க்குக் கருத்தடை செய்து முடிக்கும் இடத்தை நோக்கித்தான் போகின்றன.

1. தொடாமல் பாருங்கள்

தாயைக் காணோம் என்றால் செத்துவிட்டது என்று பொருளில்லை. இரை தேடப் போயிருக்கலாம், அல்லது நீங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு எங்கேயோ பதுங்கியிருக்கலாம். குட்டிகள் வயிறு உருண்டு, உடம்பு சூடாக, ஒன்றின்மேல் ஒன்று படுத்து அமைதியாகத் தூங்கினால் தாய் வந்துபோகிறது என்று நம்பலாம். தள்ளிப் போய் நின்று சில மணி நேரம் கவனியுங்கள். குட்டிகளைச் சுற்றிக் கோதுமை மாவை மெல்லிய வளையமாகத் தூவிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கால்தடம் சொல்லிவிடும்.

உடம்பு சில்லிட்டிருந்தால், விடாமல் கத்திக்கொண்டிருந்தால், எறும்போ ஈயோ மொய்த்தால், நாய் சுற்றினால் காத்திருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள். பூனை கிணற்றில் விழுந்திருந்தால் நீங்களாக இறங்க வேண்டாம். நம் ஊர்க் கிணறுகளின் ஆழம் தெரிந்ததுதான். கூடையில் சாக்கைப் போட்டுக் கயிற்றில் இறக்கினால் பல பூனைகள் தாமாகவே ஏறிக்கொள்ளும். ஏறாவிட்டால் 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.

2. வயதைக் கணியுங்கள்

என்ன கொடுப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பதெல்லாம் வயதைப் பொறுத்தது. தொப்புள்கொடி காய்ந்து ஒட்டியிருந்தால் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். கண் திறப்பது ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள். மூன்று வாரத்தில் காது நிமிர்ந்து, முன்பல் எட்டிப்பார்க்கும். நான்கைந்து வாரத்தில் ஓடும், விளையாடும், கூழாக்கிய உணவை நக்கத் தொடங்கும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, நன்றாக வளர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏறும். சமையலறை எடைமெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். குட்டி சோர்ந்து படுப்பதற்கு முன்பே எடை நின்றுவிடும், அல்லது குறையும். இந்த நோட்டைப் போல முன்கூட்டி எச்சரிக்கும் கருவி வேறெதுவும் என்னிடம் இல்லை.

3. முதலில் சூடு, அப்புறம்தான் பால்

இந்த வரிசையை மாற்றினால் குட்டி செத்துப்போகும். உடம்பு சில்லிட்ட குட்டிக்குச் செரிமானம் வேலை செய்யாது. வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கவே கூடாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபாதி வேண்டும். முதல் வாரக் குட்டிக்குப் பெட்டிக்குள் சுமார் 30 முதல் 32 டிகிரி தேவை. மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். வெயிலில் வைப்பது, அடுப்புப் பக்கம் காட்டுவது எல்லாம் வேண்டாம்.

அடுத்தது பால். தோட்டத்தில் அப்போதுதான் கறந்த பால் இருக்கும், மனசு அதைத்தான் கொடுக்கச் சொல்லும். கொடுக்காதீர்கள். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். 150 கிராம் எடையுள்ள உடம்பில் நீர் வற்ற ஒரு நாள் போதும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலத்துப் பெட் ஷாப்புகளில் கிடைக்கும். சின்ன ஊரில் இருப்பவர்கள் ஒரு டப்பா முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பத்து மணிக்குத் தேடினால் கிடைக்காது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறொரு தாய்ப்பூனை தெரிந்தவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதனிடம் சேர்த்துப் பார்க்கலாம்.

குட்டியைக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புற, தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சில் கொடுத்தால் துளித்துளியாக, அது விழுங்கும் வேகத்துக்கு. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லி என்பது பொதுக்கணக்கு. முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாவது வாரம் மூன்று நான்கு மணி நேரம். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வாரம்வரை குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. தாய் நக்கிவிடும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் துடைத்துவிடுங்கள்.

4. மருத்துவர்

வந்த நாளன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். ஆடு மாடு, நாய் பார்க்கும் மருத்துவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பூனைக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், கருத்தடையின்போது உதவும். சிக்கலான கேஸ் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

குடற்புழு மருந்து இரண்டு வார வயதிலேயே தொடங்குவது வழக்கம், அளவு எடையைப் பொறுத்து மருத்துவர் சொல்வார். தெள்ளுப்பூச்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சின்னக் குட்டியின் ரத்தத்தை உறிஞ்சியே கொன்றுவிடும். ஈறு வெளுத்திருந்தால் அவசரம். மருந்து போடும் வயது வராத குட்டியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, பேன் சீப்பால் வாரி, உடனே ஈரம் போகத் துடைத்துச் சூட்டில் வைக்க வேண்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தொடவே தொடாதீர்கள், அதில் இருக்கக்கூடிய பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் அப்படித்தான், அரை மாத்திரைகூட ஆபத்து. பூனை இருக்கும் அறையைப் பினாயில் ஊற்றித் துடைக்கவும் கூடாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்.

தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி பன்னிரண்டு வாரத்தில். தடுப்பூசி போட்டு முடிப்பதற்கு முன் நம்மை நடுங்கவைக்கும் நோய் பான்லூக்கோபீனியா, நாய்க்கு வரும் பார்வோவைப் போலப் பூனைக்கு வரும் வைரஸ் நோய். வாந்தி, சோர்வு, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பது. இதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிரோடிருக்கும். அதனால் புதிதாக வந்த பூனையை வீட்டுப் பூனைகளிடமிருந்து இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். தனிக் கிண்ணம், தனித் துணி. குளியலறை போதும். நோய் வந்த இடத்தை முதலில் நன்றாகக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நீரால் அலசிவிடுங்கள்.

உங்களைக் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி இலவசம். தொடர்ந்து இந்த வேலை செய்யப்போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

5. நூல்

நம் ஊருக்கென்றே இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனியன் வேஸ்ட் குட்டிகளுக்கு அருமையான படுக்கை. மெத்தென்று இருக்கும், நனைந்தால் தூக்கிப்போட்டுவிடலாம். ஆனால் ஓரத்தில் தொங்கும் நூலை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பூனையின் நாக்கில் முள் பின்னோக்கி இருக்கும், வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பை வாய்போலச் சுருங்கிக் கடைசியில் அறுபடும். தையல் மெஷின் இருக்கும் வீட்டில் நூலோடு ஊசியும் போகும்.

சாப்பிடாமல் வாந்தி எடுக்கும் பூனையின் வாயைத் திறந்து நாக்கடியைப் பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

6. தாயைப் பிடித்துக் கருத்தடை செய்யுங்கள்

குட்டிகள் தாயோடு இருந்தால் அவை தானாகச் சாப்பிடும்வரை, சுமார் எட்டு வாரம், பொறுத்திருங்கள். ஆனால் அதற்குள் தாயைப் பழக்கிவிட வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே கிண்ணம். பூனை உள்ளே போனதும் கதவு தானாக விழும் பொறிக்கூண்டை வாங்கிக் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சில நாட்கள் அதற்குள்ளேயே சோறு வையுங்கள். பிடிக்கும் நாளுக்கு முதல் நாள் சாப்பாட்டை நிறுத்தினால் பசியில் வரும். மத்தி மீனுக்கு மசியாத பூனை அபூர்வம். கதவு விழுந்ததும் கூண்டின்மேல் போர்வையைப் போட்டு மூடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். வயர்கூடையிலோ சாக்கிலோ வைத்து பைக்கில் கொண்டுபோகாதீர்கள். பாதி வழியில் பிய்த்துக்கொண்டு ஓடினால் தெரியாத ஊரில் அது பிழைக்காது.

மருத்துவரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லுங்கள்: இது தெருப்பூனை, தையல் பிரிக்க மறுபடி பிடிக்க முடியாது, அதனால் தானாகக் கரையும் நூலில் தைக்க வேண்டும். மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும், அடுத்தமுறை யாரும் இதைப் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமலிருக்க. கடைசியாக எப்போது பால் கொடுத்தது என்பது மூன்றாவது. அறுவை முடிந்தபின் சில நாட்கள் உள்ளே வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுங்கள். வீட்டுப் பூனையாக இருந்தால் புண்ணை நக்காமலிருக்கக் குழந்தை பனியனில் காலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம், திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை.

"எதுக்குங்க இத்தன செலவு, சாக்குல கட்டிச் சந்தைக்கிட்ட உட்டுட்டு வந்தா போச்சு" என்று சொல்வார்கள். பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கூடவே, ஒருமுறை கருத்தடை செய்தால் ஈத்து ஈத்தாகக் குட்டி அள்ளும் வேலை நின்றுவிடும் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவதுதான் அதிகம் எடுபடும்.

7. வீடு தேடுதல்

தோட்டத்துச் சாளையில் இருக்கும் பெரியவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "ஏங் கண்ணு, எலித்தொல்லை தாங்கல. கடுவனா ஒண்ணு இருந்தாக் குடு சாமி. பொட்டை வேண்டாம், குட்டி போட்டுட்டே கெடக்கும்." இப்படித்தான் பொட்டைக் குட்டிகள் நம் கையிலேயே தங்கிப்போகின்றன. கருத்தடை செய்த பொட்டை குட்டி போடாது, வீட்டைவிட்டு அலையாது, எலியும் நன்றாகவே பிடிக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் கருத்தடை முடிக்காமல் எந்தப் பொட்டையையும் கொடுப்பதில்லை. வயது வராத குட்டி என்றால், நான்கைந்து மாதத்தில் நானே வந்து கூட்டிப்போய்ச் செய்துகொண்டுவந்து விடுவேன் என்ற ஒப்புதலோடுதான் கொடுக்கிறேன். எலி மருந்து வைக்கும் தோட்டத்துக்குப் பூனை கொடுக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் போய்விடும்.

அபார்ட்மென்ட் என்றால் பால்கனியில் வலை அடித்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அசைவம் சமைக்காத வீடுகளும் கேட்பார்கள், நல்ல மனிதர்களாகவும் இருப்பார்கள். தயிர்ச்சோற்றில் மட்டும் பூனையை வளர்க்க முடியாது, இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று சொல்லி, பூனைத் தீவனம் வாங்கித் தரச் சம்மதித்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்காதீர்கள். முடிந்தால் இரண்டாகக் கொடுங்கள். கூடவே தடுப்பூசி அட்டை, அது படுத்திருந்த துணி, பழகிய தீவனம் கொஞ்சம். புது வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில், கதவைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்க வேண்டாம், தானாக வெளியே வரும். அட்டையில் அடுத்த ஊசித் தேதியை உங்கள் போனிலும் குறித்துக்கொண்டு, முந்தின நாள் நீங்களே கூப்பிட்டு ஞாபகப்படுத்துங்கள்.