வெட்டரன் வீட்டு வாசல்ல சர்ப்ரைஸா கொடி வரிசை வைக்கிறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்காக

அமெரிக்காவுல சப்அர்ப் பக்கம் குடியிருக்கிற நம்மாளுங்க நவம்பர்ல கவனிச்சிருப்பீங்க, தெருவுல ஏதோ ஒரு வீட்டு லான்ல மட்டும் காலைல திடீர்னு வரிசையா குட்டி குட்டி அமெரிக்கக் கொடி நட்டிருக்கும், சாயங்காலம் பார்த்தா ஒண்ணும் இருக்காது. அந்த வீட்டுல மிலிட்டரியில இருந்து வந்தவர் யாராவது இருப்பாங்க, இங்க வெட்டரன்னு சொல்றாங்களே அவங்க, அவங்களுக்கு அக்கம்பக்கத்துக்காரங்க சொல்லாம கொள்ளாம செய்ற மரியாதை அது. இதை நாமளும் எடுத்துப் பண்ணலாம், சிட்டிசனா இருக்கணும்னு எல்லாம் ஒரு ரூலும் கிடையாது, க்ரீன் கார்டோ ஹெச்1பியோ, பக்கத்து வீட்டுக்காரங்கிற உரிமை போதும்.

ரெண்டு மூணு குடும்பம், நாலு டஜன் கொடி, ஒரு நூல்கண்டு, ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், 2 அடி மரக்கட்டை ஒண்ணு, இவ்வளவுதான் தேவை. நான் டெக்சஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கேன், எங்க தெருவுல பண்ணதை வச்சுதான் சொல்றேன், உங்க ஊர் மண்ணுக்கும் குளிருக்கும் ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மிலிட்டரியில இருந்தவங்க கொடி எத்தனைன்னு எண்ண மாட்டாங்க, எப்படி நிக்குதுன்னுதான் பாப்பாங்க. 200 கொடியை கோணல்மாணலா குத்தி வைக்கிறதை விட 20 கொடி ஒரே நேர்கோட்டுல நின்னா அதுதான் அவங்களுக்கு மரியாதை. கீழ சொல்றதுல பாதி அதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: எந்த நாள்

நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே. 1918ல அன்னிக்குக் காலைல 11 மணிக்குத்தான் முதல் உலகப் போர்ல சண்டை நின்னுச்சு, ரொம்ப வருஷம் ஆர்மிஸ்டிஸ் டேன்னு (போர் நிறுத்த நாள்) இருந்ததை 1954ல எல்லாப் போர்லயும் எல்லாக் காலத்துலயும் சர்வ் பண்ணவங்களுக்கும் சேர்த்து வெட்டரன்ஸ் டேன்னு மாத்தினாங்க.

நிறைய பேர் குழப்பிக்கிறது மே மாசம் கடைசி திங்கக்கிழமை வர்ற மெமோரியல் டேயோட. அது போர்ல உயிரை விட்டவங்களுக்கான நாள். உயிரோட இருக்கிற ஒரு வெட்டரன்கிட்ட போய் அன்னிக்கு "ஹேப்பி மெமோரியல் டே"ன்னு சொன்னா அவருக்குத் தன்கூட இருந்து திரும்பி வராத ஃப்ரெண்டு முகம்தான் ஞாபகம் வரும், தயவுசெஞ்சு வேணாம். வியட்நாம் போருக்குப் போனவரா இருந்தா மார்ச் 29 கூட நல்ல நாள், வியட்நாம் வெட்டரன்ஸுக்குன்னே இருக்கு. இல்ல அவரோட பிறந்தநாள், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

ஸ்டெப் 2: வீட்டுக்குள்ள ஒருத்தரைக் கூட்டு சேருங்க (இதைத் தாண்டிப் போகவே கூடாது)

சர்ப்ரைஸ் அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும்தான், அவரைத் தவிர சுத்தி இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். மனைவி, மகள், மகன், யாராவது ஒருத்தர்கிட்ட முன்னாடியே பேசி சம்மதம் வாங்குங்க. ஏன்னா போர் பார்த்துட்டு வந்தவங்க சில பேருக்கு பிடிஎஸ்டி (போர் அதிர்ச்சி மனசுல தங்கிடுற பாதிப்பு) இருக்கும், விடியக்காலை இருட்டுல ஜன்னலுக்கு வெளிய காலடிச் சத்தமும் குசுகுசுன்னு பேச்சும் கேட்டா அவங்க உடம்பு எப்படி ரியாக்ட் பண்ணும்னு நமக்குத் தெரியாது, அதோட இது வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கக்கூடிய நாடு. அதனால இருட்டுல போகவே போகாதீங்க. பட்டாசு, பார்ட்டி பாப்பர், பலூன் வெடிக்கிறது, ஒளிஞ்சிருந்து "சர்ப்ரைஸ்!"னு கத்துறது எதுவுமே கூடாது.

எதிர் வீட்டுத் தாத்தா வியட்நாம் டைம்ல நேவியில இருந்தவர், அவங்க வீட்டம்மாகிட்டதான் நாங்க பேசினோம். அந்தம்மா கேட்ட முதல் கேள்வியே "எத்தனை பேர் வருவீங்க, எத்தனை மணிக்கு?"ங்கிறதுதான். அவங்க சொன்ன அப்புறம்தான் புரிஞ்சது, அவருக்குக் கூட்டம் ஆகாது, நாலஞ்சு பேருக்கு மேல வாசல்ல நின்னா உள்ள போயிடுவார். இந்த மாதிரி விஷயமெல்லாம் வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும்.

அவங்ககிட்ட கேக்க வேண்டியது:

- அவருக்கு இது பிடிக்குமா? சில பேர் தான் சர்வ் பண்ணதைப் பத்தி வெளிய காட்டிக்கவே விரும்ப மாட்டாங்க, வேணாம்னா சத்தமில்லாம விட்டுடுங்க, ஒரு தட்டு ஸ்வீட்டோட போய் கதவைத் தட்டினாலும் போதும்.
- எந்த ஃபோர்ஸ்? ஆர்மி, மரீன் கோர், நேவி, ஏர் ஃபோர்ஸ், ஸ்பேஸ் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு எல்லாம் வேற வேற. சோல்ஜர்னா இங்க ஆர்மிக்காரங்க, மரீனைப் போய் அப்படிச் சொன்னா அவங்களுக்கு உறுத்தும்.
- ஸ்பிரிங்க்ளர் எத்தனை மணிக்கு ஓடும், புல்லு வெட்டுறவங்க எந்தக் கிழமை வருவாங்க, நாய் இருக்கா.
- அன்னிக்கு அவரை ஒரு மணி நேரம் வெளிய கூட்டிட்டுப் போக முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ஈஸியான வழி இருக்கு. வெட்டரன்ஸ் டே அன்னிக்கு நிறைய ரெஸ்டாரன்ட்ல வெட்டரன்ஸுக்கு சாப்பாடு ஃப்ரீ. பிரேக்ஃபாஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, அவர் சாப்பிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள நம்ம வேலை முடிஞ்சிடும், இருட்டும் இல்ல, பயமும் இல்ல.

அக்கம்பக்கத்துலயும் சொல்லி வைங்க, தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போதும் (அவர் அந்த குரூப்ல இல்லன்னு செக் பண்ணிட்டு போடுங்க). முகம் தெரியாதவங்க அடுத்தவங்க யார்டுல குனிஞ்சு ஏதோ பண்ணிட்டிருந்தா யாராவது போலீஸைக் கூப்பிடத்தான் செய்வாங்க. ஹெச்ஓஏ (குடியிருப்புக்கு ரூல் போடுற வீட்டுக்காரங்க சங்கம்) பத்தி நிறைய பேர் பயப்படுறீங்க, தன் சொந்த இடத்துல அமெரிக்கக் கொடி வைக்கிறதை ஹெச்ஓஏ தடுக்க முடியாதுன்னு 2005 பேர்ல ஒரு ஃபெடரல் சட்டமே இருக்கு, ஆனா இடம், நேரம் பத்தி நியாயமான கண்டிஷன் போடலாம். அந்தப் பாதுகாப்பு வீட்டுக்காரங்களுக்குத்தான், நமக்கு இல்ல, அதனாலயும் வீட்டம்மா சம்மதம் முக்கியம்.

ஸ்டெப் 3: என்ன வாங்கணும்

குச்சியில மாட்டின கொடி டஜன் கணக்குல கிடைக்கும். சின்னது 4க்கு 6 இன்ச், அது கையில ஆட்டத்தான் நல்லாருக்கும், லான்ல நட்டா புல்லுல உரசும். 8க்கு 12 இன்ச் கொடி, 24 இன்ச் குச்சி, இதை வாங்குங்க. 6 இன்ச் மண்ணுக்குள்ள போனாலும் கொடியோட கீழ் ஓரம் தரையில இருந்து நல்லா எட்டி நிக்கும். கொடி தரையைத் தொடக்கூடாதுங்கிறது இங்க முக்கியமான மரியாதை, நம்ம ஊர்லயும் அதே ரூல்தானே. லேபிள்ல அமெரிக்காவுல தயாரானதான்னு பாத்து வாங்குங்க, வெட்டரன்ஸ் நிறைய பேர் அதைத் திருப்பிப் பாப்பாங்க.

எத்தனை வாங்கணும்னா, சைட்வாக் ஓரமா 40 அடி லான் இருந்தா 2 அடிக்கு ஒண்ணுன்னு 21 கொடி. வாசலுக்குப் போற நடைபாதை 20 அடின்னா ஒரு பக்கம் 11, ரெண்டு பக்கமும் 22. மொத்தம் 43, நாலு டஜன் வாங்கினா உடையறதுக்கு அஞ்சு மிச்சம் இருக்கும்.

சாதாரண சின்னக் குச்சிக்கு மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. ஆனா 3க்கு 5 அடி பெரிய கொடி வேணும், அதுக்குக் கம்பி அடிச்சு மேல பைப் சொருகணும்னு ஆசைப்பட்டா, முதல்ல சில வேலை நாளுக்கு முன்னாடியே 811க்கு ஃபோன் பண்ணுங்க, ஃப்ரீதான், கேஸ் லைன் கரன்ட் லைன் எங்க போகுதுன்னு வந்து மார்க் பண்ணிட்டுப் போவாங்க. முதல் தடவை பண்றவங்களுக்கு என் அபிப்பிராயம், பெரிய கொடி வேணவே வேணாம்.

ஸ்டெப் 4: அன்னிக்குக் காலைல

ஆர்லிங்டன் தேசிய கல்லறைத் தோட்டத்துல மெமோரியல் டேக்கு முன்னாடி ஓல்ட் கார்டுன்னு சொல்ற ரெஜிமென்ட் சோல்ஜர்ஸ் ஒவ்வொரு கல்லறைக் கல்லு முன்னாடியும் ஒரு சின்னக் கொடி நடுவாங்க, ரெண்டரை லட்சத்துக்கும் மேல. அளவு டேப் எல்லாம் கிடையாது, கல்லுல இருந்து சரியா ஒரு பூட்ஸ் நீளம். எல்லாக் கொடியும் ஒரே தூரத்துல நிக்கிறதால மொத்த மைதானமும் கோடு போட்ட மாதிரி இருக்கும். நாமளும் அதைத்தான் பண்ணப் போறோம்.

1. சைட்வாக்குக்கு வீட்டுப் பக்கம் இருக்கிற புல்லுலதான் நடணும், ரோட்டுப் பக்கம் இருக்கிற பட்டை பெரும்பாலும் சிட்டியோடது.
2. ஒருத்தர் கால் ஷூவை சைட்வாக் ஓரத்துல வச்சு, ஷூ நுனி எங்க வருதோ அங்க ரெண்டு முனையிலயும் அடையாளம் வச்சு, நடுவுல நூலை விறைப்பா கட்டுங்க. எல்லா இடத்துலயும் அதே ஆள், அதே ஷூ.
3. 2 அடிக்கு வெட்டின ஒரு மரக்கட்டையை நூல் மேல வச்சு நகர்த்திக்கிட்டே போங்க. இந்த வேலையைப் பசங்ககிட்ட குடுங்க, அவ்வளவு கவனமா செய்வாங்க.
4. கொடிக் குச்சியை நேரா மண்ணுல அழுத்தாதீங்க, டக்குனு உடையும். முதல்ல ஸ்க்ரூடிரைவரை நேர்க்குத்தா 6 இன்ச் இறக்கி ஓட்டை போட்டுட்டு எடுத்து, அந்த ஓட்டையில குச்சியை இறக்கி, சுத்தி மண்ணைக் கட்டைவிரலால அழுத்தி விடுங்க. எங்க டல்லாஸ் களிமண் காஞ்சா கல்லு, மினசோட்டா மாதிரி குளிர் ஊர்ல மண்ணு உறைஞ்சிருக்கலாம், அங்கெல்லாம் ஸ்டீல் ராடும் சுத்தியலும் எடுத்துட்டுப் போங்க. ஸ்பிரிங்க்ளர் ஹெட் பக்கம் ஒரு அடி தள்ளியே இருங்க.
5. நட்டு முடிச்சதும் ஒருத்தர் வரிசையோட கோடியில போய் உக்காந்து ஒரு கண்ணை மூடிட்டு பாருங்க, சாஞ்சது எதுன்னு உடனே தெரியும். அப்புறம் நூலை எடுத்துடுங்க.

தாத்தா கார்ல இருந்து இறங்கினதும் எங்களைப் பாக்கல, வரிசையைத்தான் பாத்தார். ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் மெதுவா நடந்தார், காத்துல லேசா சாஞ்ச ஒரு கொடிகிட்ட குனிஞ்சு ரெண்டு விரலால நிமித்தி விட்டார், அப்புறம்தான் பசங்களைப் பார்த்து "யாரு அளந்தது?"ன்னு கேட்டார். எங்க வீட்டு சின்னவன் மரக்கட்டையைத் தூக்கிக் காட்டினான், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

அபார்ட்மென்ட்ல இருக்கிற வெட்டரன்னா லான் இருக்காது, லீசிங் ஆபீஸ்ல கேட்டுட்டு கதவுலயோ ஜன்னல்லயோ ஒரே ஒரு கொடி தொங்க விடுங்க. நட்சத்திரம் இருக்கிற நீலக் கட்டம் வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு மேல இடது பக்கம் வரணும்.

நல்லெண்ணத்துலயே செய்யக்கூடிய, ஆனா செய்யக்கூடாத சில விஷயம்

கொடி மேல மார்க்கர்ல "தேங்க் யூ"ன்னு எழுதக்கூடாது, கொடி மேல எந்த எழுத்தும் கூடாதுன்னு ஃபிளாக் கோடுல (அமெரிக்கக் கொடியை எப்படி மதிக்கணும்னு சொல்ற விதிகள்) இருக்கு. இந்த கோடு 1923ல ஒரு மாநாட்டுல உருவாகி 1942ல சட்டமாச்சு, மீறினா தண்டனைன்னு இல்ல, ஆனா வெட்டரன்ஸ் மனசுல அது சட்டத்துக்கும் மேல. கொடியைத் தோரணமா மடிச்சுக் கட்டாதீங்க, அலங்காரம் வேணும்னா நீலம் வெள்ளை சிவப்பு துணி தனியா கிடைக்கும், நீலம் மேல வர்ற மாதிரி கட்டுங்க. நவம்பர் 11ங்கிறது எலக்‌ஷன் முடிஞ்ச கையோட வர்ற நாள், கட்சி போர்டு இன்னும் யார்டுல நிக்கும், அது பக்கத்துல கொடி வைக்காதீங்க. நம்ம மூவர்ணக் கொடியும் சேர்த்து வைக்கலாமான்னு கேப்பீங்க, வேணாம்ங்க, அன்னிக்கு அவரோட நாள்.

கார்டு எழுதினா அவர் எந்த ஃபோர்ஸ், எந்த வருஷம் இருந்தார்னு குறிப்பிட்டு எழுதுங்க, பசங்க கையெழுத்துலயே இருக்கட்டும். வியட்நாம் போனவங்களுக்கு "வெல்கம் ஹோம்"னு எழுதுங்க, அவங்க திரும்பி வந்தப்போ நிறைய பேருக்கு அந்த வார்த்தை கிடைக்கல. கார்டை மெயில்பாக்ஸ்ல போடாதீங்க, ஸ்டாம்ப் இல்லாம எதையும் அதுல போடுறது ஃபெடரல் சட்டப்படி தப்பு, கதவுகிட்ட வைங்க. பசங்ககிட்ட முந்தின நாளே உக்கார வச்சு சொல்லிடுங்க, "நீங்க யாரையாவது சுட்டீங்களா?"ன்னு மட்டும் கேக்கவே கூடாதுன்னு. ஊர்ல இருந்து வந்திருக்கிற தாத்தா பாட்டி இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க, டிசம்பர் 7 கொடி நாளுக்கு ஸ்கூல்ல காசு வாங்கிட்டு சட்டையில சின்னக் கொடி குத்தி விட்டது ஞாபகம் இருக்கும், அவங்களுக்கு யாரும் விளக்கவே வேணாம்.

ஸ்டெப் 5: எடுக்கிறது

சூரியன் மறையறதுக்குள்ள எடுத்துடணும். ராத்திரி கொடி இருக்கணும்னா அது மேல வெளிச்சம் விழணும், நாப்பது கொடிக்கு லைட் போடுறது நடக்கிற காரியம் இல்ல. மழை வந்தாலும் எடுத்துடுங்க. அவரே "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே"ன்னு சொன்னா, காலைல நட்டு சாயங்காலம் எடுக்கிற வேலையை நீங்களே ஏத்துக்கோங்க, வயசானவர் தலையில கட்டாதீங்க.

எடுக்கும்போது குச்சியை லேசா திருகி நேரா மேல இழுக்கணும். ஓட்டையை ஷூவால அமுக்கி மூடுங்க. நட்டப்போ எத்தனைன்னு எண்ணி வச்சிருப்பீங்க இல்ல, எடுத்ததும் அதே எண்ணிக்கை வரணும், புல்லுக்குள்ள ஒரு உடைஞ்ச குச்சி தங்கினாலும் லான் மோவர்ல மாட்டும். ஈரமா இருந்தா காய வச்சு குச்சியிலயே சுருட்டி ஒரு பக்கெட்ல நிமிர்த்தி வச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

கிழிஞ்சது, சாயம் போனது எதையும் குப்பையில போடாதீங்க. பக்கத்துல அமெரிக்கன் லீஜியன் இல்லன்னா விஎஃப்டபிள்யூ போஸ்ட் (ரெண்டும் வெட்டரன்ஸ் சங்கம், போஸ்ட்னா அதோட கிளை) எங்க இருக்குன்னு பாருங்க, பழைய கொடியை வாங்கி வச்சு முறைப்படி எரிப்பாங்க, ஜூன் 14 ஃபிளாக் டே அன்னிக்கு நிறைய இடத்துல அதை ஒரு சடங்காவே செய்றாங்க. போஸ்ட் வாசல்லயே அதுக்குன்னு டப்பா வச்சிருந்தா அதுல போடுங்க, இல்லன்னா உள்ள போய்க் கையில குடுங்க, வாங்கிப்பாங்க.