எத்தனையாவது நாள் காய்ச்சல்? உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிப் பக்கத்து லேப்களில் காய்ச்சல் படிவங்கள் குவியும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் சித்தூர், பலமநேர், வி.கோட்டா பக்கத்து ஆட்களும் வேலூருக்குத்தான் வருவார்கள். தை மாதம் வரை இதே கூட்டம். படிவத்தில் வைடல் (டைபாய்டுக்கான ரத்தச் சோதனை), டெங்கு, மலேரியா என்று மூன்று டிக் இருக்கும். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், பல நேரம் அந்த வரிசையிலேயே இருக்காது. அப்படியே இருந்தாலும் ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்ற கட்டம் காலியாகக் கிடக்கும். அந்த எண் இல்லாவிட்டால் கீழே வரும் எந்த முடிவையும் சரியாகப் படிக்க முடியாது.

இதை அரிதான நோய் என்று ஒதுக்கவும் முடியாது. வேலூர் சிஎம்சியும் லண்டனின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் ஏறக்குறைய 32,000 பேரைப் பின்தொடர்ந்தன. 2025-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கிராமத்து மக்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்கு அது காய்ச்சலே இல்லாமல் கடந்துபோகிறது. காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில்தான் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகிறது.

நாள் கணக்கு ஏன் முக்கியம்? கிருமியை எதிர்த்து உடம்பில் முதலில் உருவாகும் ஐஜிஎம் எதிர்ப்பொருள், சோதனையில் தெரியும் அளவுக்குச் சுரக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஸ்க்ரப் ஐஜிஎம் எலிசா (அந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) ‘நெகட்டிவ்’ என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. எதிர்ப்பொருள் இன்னும் சுரக்கவில்லை, அவ்வளவுதான். டெங்கு வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனைக்கு இது நேர் தலைகீழ்: முதல் ஐந்து நாளில்தான் அது நன்றாகப் பிடிக்கும். எட்டாம் நாள் வருகிறவருக்கு என்எஸ்1 மட்டும் போட்டு, ‘டெங்கு இல்லை’ என்று அனுப்பிவைப்பது காசுக்கும் நஷ்டம், காலத்துக்கும் நஷ்டம். முதல் மாதிரி நெகட்டிவாக இருந்து சந்தேகம் தீராவிட்டால், ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

‘எத்தனை நாளா காய்ச்சல்?’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘ஒரு நாலஞ்சு நாளா இருக்கும் சார்’ என்றுதான் பதில் வரும். ‘போன சந்தை நாள்ல நல்லா இருந்தீங்களாம்மா? களை பறிக்கப் போனது எந்தக் கிழமை? அன்னிக்கு ராத்திரி குளிர் நடுக்கம் இருந்துச்சா?’ என்று கிழமையைப் பிடித்துக் கேட்டால், நாலஞ்சு நாள் என்றது ஒன்பது நாளாகும். தெலுங்கில் பதில் சொல்கிறவரிடம் தெலுங்கிலேயே கேட்பது நல்லது. எல்லைப் பக்கத்து லேபில் அதற்கு ஆள் இல்லாமல் இருக்காது.

இனி வைடல். ஒரு சொட்டு சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, தகட்டில் வைத்து ஆட்டி, 1:80 என்று எழுதி ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டைபாய்டு பரவலாக இருக்கும் ஊரில் முன்பு வந்துபோன தொற்றுக்கும் போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும்கூட அந்த அளவு வரும். ஒரே ஒரு வைடல் எதையும் நிரூபிக்காது. ஏழு, பத்து நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அதற்குப் பொருள் உண்டு. பிரச்சினை இதோடு நின்றாலும் பரவாயில்லை. டைபாய்டு என்று முடிவு கட்டினால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கிவிடும். ஸ்க்ரப் கிருமியான ஓரியன்ஷியா நம் செல்லுக்குள்ளே புகுந்து வாழ்வது. அந்த வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காமல், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பலர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள்.

ஸ்க்ரப்புக்குச் செய்யும் வீல்-ஃபெலிக்ஸ் சோதனையும் ஏறக்குறைய இதே ரகம். விலை மலிவு, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிட்டுவிடும். அதில் ஸ்க்ரப்பைக் காட்டும் ஓஎக்ஸ்-கே பகுதி நெகட்டிவ் என்பதை வைத்து ஸ்க்ரப்பை ஒதுக்கக் கூடாது.

பணமே செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: உடம்பு முழுக்கப் பார்ப்பது. பூச்சி கடித்த இடத்தில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை கறுப்பாகக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடிச் சூடு பட்டது போல இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இருக்கும் இடங்கள் தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், காதின் பின்புறம், பிருஷ்டம், விரைப்பை. சட்டையைக் கழற்றாமல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் இதில் பாதி இடம் கண்ணில் படாது. பெண்களுக்குப் பெண் நர்ஸை வைத்துத் திரை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் இருந்தால், எந்த லேப் ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்க அதுவே போதும். ‘மாட்டு உண்ணி எதுவும் கடிக்கலையே’ என்று சொல்வதையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. கடிப்பது மாட்டின் மேல் இருக்கும் உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம். கடித்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை கழித்துத்தான் காய்ச்சல் வரும்.

அந்தப் பொருக்கே, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு மிக நல்ல மாதிரி. கிருமி ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே அதிகம். சுத்தமான கிடுக்கியால் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி எடுத்து, கிருமிநீக்கிய காலிக் குழாயில் போட்டு மூடிக் குளிரில் அனுப்ப வேண்டும். பழக்க தோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்து பிசிஆர் கெட்டுவிடும். ரத்தத்தில் பிசிஆர் செய்வதானால் ஊதா மூடி எடிடிஏ குழாய்தான். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பாரின் பிசிஆர் வினையையே தடுக்கும். இரண்டில் எதுவானாலும் மருந்து தொடங்குமுன் எடுப்பது நல்லது. அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

குழாய்களில் நடக்கும் தவறு தனிக்கதை. உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் இறங்கும். ‘பிளேட்லெட் 40 ஆயிரம், டெங்குதான்’ என்று வீட்டார் பதறுமுன் ஊதா மூடிக் குழாயை ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். மெல்லிய நூல் போல ரத்தக்கட்டி ஒன்று சுவரில் ஒட்டியிருந்தால், கருவி எண்ணியது கட்டியில் சிக்காமல் மிஞ்சிய தட்டணுக்களை மட்டும்தான். ரத்தம் எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பாததால் வரும் வினை அது. குலுக்கவும் கூடாது, சிவப்பணுக்கள் உடையும். கட்டி இல்லாமலும் தட்டணு குறைவாகக் காட்டினால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லப் பரப்பி (ஸ்மியர்) நுண்ணோக்கியில் பாருங்கள். சிலருக்கு எடிடிஏ பட்டாலே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஊதாக் குழாய் ரத்தத்தைச் சிவப்புக் குழாயில் ஊற்றிச் சரிக்கட்டுவதைப் போல மோசமான குறுக்குவழி வேறில்லை. எடிடிஏயில் இருக்கும் பொட்டாசியத்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைமட்டமாகும்.

எலிசாவுக்கு வேண்டியது சீரம். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லி எடுத்து, அறை வெப்பத்தில் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, சுழற்றிப் பிரித்த பிறகே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பிரிக்காத ரத்தக் குழாயை ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், வேலூர் போய்ச் சேரும்போது சீரம் சிவப்பு நீராக இருக்கும். பிரித்த சீரம் 2 முதல் 8 டிகிரியில் சில நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20-ல் உறையவைக்க வேண்டும், ஆனால் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்கக் கூடாது. அதே பெட்டியில், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டிலையும் திணித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. கல்ச்சர் பாட்டில் குளிரில் இருக்கவே கூடாது. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே. இரண்டு மில்லியை விட்டுவிட்டு ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்பதில் பயனில்லை.

எலிசா செய்கிறவர்களுக்கு ஒன்று: கிட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓட்டாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். கழுவும் எண்ணிக்கையைக் குறைத்தால் தட்டின் எல்லாக் குழியும் பாசிட்டிவ் போல மஞ்சளாகும். நோய் பரவலாக உள்ள ஊரில் ஆரோக்கியமானவர்கள் ரத்தத்திலும் கொஞ்சம் எதிர்ப்பொருள் இருக்கும். அதனால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லை அளவை (கட்-ஆஃப்) உள்ளூர் ஆட்களின் மாதிரிகளை வைத்தே நிர்ணயிக்க வேண்டும். ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், போன கார்த்திகையில் வந்துபோனவருக்கு இந்த மாசியிலும் பாசிட்டிவ் காட்டலாம். முடிவைக் காய்ச்சலோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சிகிச்சையில் 2023-ல் ஒரு முக்கிய முடிவு வந்தது. இந்திய ஆஸ்பத்திரிகளில் தீவிர ஸ்க்ரப் நோயாளிகளுக்கு ஊசிவழி டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தபோது, இறப்பு, நீடித்த காய்ச்சல், ஏழாம் நாளில் தொடரும் சிக்கல்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட அளவு 33 சதவீதம். ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு லேசான காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரையும் வாங்குவது தவறு. அந்த ஆய்வு தீவிர நோயாளிகளுக்கானது. லேசான நிலையில் டாக்டர் எழுதும் டாக்சிசைக்ளின் ஒன்றே பெரும்பாலும் போதும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட் ஆகியவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோயையே மறுபடி யோசிக்க வேண்டும்.

கடைசியாக முகவரி. பலமநேர்க்காரர் காட்பாடியில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால், பாசிட்டிவ் ஆனதும் சுகாதாரத் துறை ஆட்கள் காட்பாடித் தெருவில் வந்து நிற்பார்கள். நோய் பரவும் ஊரில் யாருக்கும் தெரியாது. தங்கியிருக்கும் வீட்டை ஒரு வரியிலும், கடந்த மூன்று வாரத்தில் நிலத்தில், வரப்பில், ஆடு மேய்த்த இடத்தில் வேலை பார்த்த ஊரை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். மண்டலமும் (ஆந்திரத்தில் தாலுகா போன்ற பிரிவு) மாநிலமும் சேர்த்து.