கால் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். இது கால் தமனி அடைப்பின் அடையாளம். இதற்கு நடைப்பயிற்சிதான் முதன்மை: வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம், வலி நடுத்தரமாகும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். மூச்சுத் தசைப் பயிற்சி அதற்குத் துணைதான், அடைப்பைக் கரைக்காது. கடும் உழைப்பில் உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் முக்கிய மூச்சுத் தசை) களைத்தால், நரம்புகள் கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். அந்தத் தசை வலுத்தால் அந்தச் சுருக்கம் தாமதமாகும்.

பயிற்சிக்கு, மூச்சை உள்ளே இழுக்கும்போது தடை கொடுத்துச் சுமை ஏற்றும் ஸ்பிரிங் வால்வு உள்ள கருவியையே வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி இதற்கு உதவாது. அதில் மெதுவாக இழுத்தால் சுமையே இருக்காது. பலூன் ஊதுவதோ வெளிமூச்சுக்கான வேலை.

முதலில் பிசியோதெரபிஸ்டிடம் உள்மூச்சின் உச்ச அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். தொடக்கச் சுமை அதில் 30 சதவீதம்: அளவு 60 சென்டிமீட்டர் நீர் (மூச்சு அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் கருவியை 18-இல் வையுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கில் கிளிப் போடுங்கள். உதடுகளால் வாய்க்குழாயை இறுகக் கவ்வி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, பிறகு வேகமாக, பலமாக உள்ளே இழுங்கள். வெளியே விடுவது நிதானமாக, 3, 4 நொடி. காலை 30, மாலை 30 மூச்சு. முப்பதும் சுலபமாகிவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை சுமையைச் சற்றுக் கூட்டி, 50 சதவீதம் வரை போகலாம். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

தலை சுற்றினால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். இடையில் நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். தோள் மேலே ஏறினால் கழுத்துத் தசைதான் வேலை செய்கிறது. வயிற்றில் கை வையுங்கள், இழுக்கும்போது கை வெளியே தள்ளப்பட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். எண்ணிக்கை பாதியில் தடுமாறினால் சுமையைக் குறையுங்கள்.

நுரையீரல் காற்றுக்கசிவு வந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், அண்மையில் மார்பிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதியின்றித் தொடவே கூடாது. நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வில் இருக்கும்போதே பாதம் வலிப்பது, விரல் கறுப்பது, புண் ஆறாதது ஆகியவை பயிற்சிக்கு அப்பாற்பட்டவை. ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் அன்றே போக வேண்டும்.

தினமும் வாய்க்குழாயை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காற்றில் உலர்த்துங்கள். கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் வளைந்து வால்வு சரியாக மூடாது.