இடிபட்ட வாகனத்தை நகர்த்த முதல் ரயரைப் படமெடுங்கள்

சின்ன இடிபாடு, ஒருவருக்கும் காயமில்லை என்றால், வாகனத்தை ஓரமாக்க முதல் போனில் படமெடுத்துவிடுங்கள். நெளிந்த பம்பரை மட்டும் கிட்டவாக எடுப்பது போதாது. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, இரண்டு வாகனங்களின் ரயர்களும் வீதியின் நடுக்கோடும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். பிறகு பிரேக் அடித்த தடம், உடைந்த லைற் கண்ணாடி, மட்கார்ட்டிலிருந்து உதிர்ந்த சேறு.

நெளிவு எந்த இடத்தில் அடிபட்டது என்றுதான் சொல்லும். யார் மற்றவரின் பக்கத்துக்குள் வந்தார் என்பதை ரயர் நிற்கும் இடம் காட்டும். முன் ரயர் திரும்பியிருக்கும் விதத்தில் எந்தப் பக்கம் வெட்டினார் என்பதும் பெரும்பாலும் தெரியும். கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் நாலு லொறி ஏறிப்போனால் சேறும் கண்ணாடியும் இருந்த இடம் தெரியாது. பொலிசோ காப்புறுதிக்காரரோ வரும்போது வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

கிறவல் ஒழுங்கையில் நடுக்கோடு இருக்காது. அங்கே இரண்டு கரையும் படத்தில் விழ வேண்டும். தடம் தாரை விட கிறவலில் நன்றாகப் பதியும், அதை மிதித்துவிடாதீர்கள்.

மாடு குறுக்கே வந்து முன்வாகனம் திடீரென்று நின்றிருந்தால் ரயர்ப் படம் அதைச் சொல்லாது. பார்த்தவரின் போன் நம்பரை வாங்குங்கள். யாருக்காவது காயமென்றால் படமெடுத்து ஓரமாக்கும் கதையே வேண்டாம். முதலில் அம்புலன்சுக்கு 1990, அப்புறம் பொலிசுக்கு 119. வாகனம் நின்றபடியே நிற்கட்டும்.