எல்லைப்புறக் குடியேறி ஒருவரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

அமெரிக்க எல்லைப்புறத்தில், அதாவது வெள்ளையர் குடியேற்றம் புதிதாகப் பரவிய பகுதியில், குடியேறிய ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை எழுத முற்படுவோர், அவர் எழுதி அச்சிட்ட கடிதங்களை முதலில் திறக்க வேண்டாம். ஆள் சேர்க்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட கடிதம் குறைகளைச் சொல்லாது. நிலப் பதிவிலிருந்து தொடங்குங்கள்.

மோரிஸ் பர்க்பெக்கை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் சர்ரேயில், வான்பரோவில், குத்தகைப் பண்ணை நடத்திய இவருக்குச் சொந்த நிலம் இல்லாததால் வாக்குரிமையும் இல்லை. 1817-இல் புறப்பட்டு, ஜார்ஜ் ஃப்ளவருடன் சேர்ந்து இல்லினாயின் தென்கிழக்குப் புல்வெளியில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவினார். அந்த நிலம் 1805 ஒப்பந்தத்தின் வழியே பியான்கஷா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் வரலாறு பாதியிலிருந்து தொடங்கும்.

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் பெயரும் மாநிலமும் இட்டால் பழைய பட்டாக்களைத் தேடலாம். ஆனால் பட்டாவின் தேதியைக் குடியேறிய தேதியாகக் கொள்ளாதீர்கள். அன்று ஏக்கர் 2 டாலர். 160 ஏக்கருக்கு 320 டாலர். அதில் 80 டாலரை முதலில் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் செலுத்தலாம். முழுத்தொகையும் தீர்ந்த பிறகே பட்டா கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் குடியேறியின் உண்மையான பாடு இருக்கிறது.

அடுத்து, எதிர்த்தரப்பின் குரலைத் தேடுங்கள். ஆங்கிலேய இதழாளர் வில்லியம் காபெட் இந்தக் குடியேற்றத்தையே கடுமையாகத் தாக்கினார். ஃப்ளவரோ பர்க்பெக்குடன் மனக்கசப்புற்றுப் பிரிந்தவர். 1882-இல் அச்சேறிய, ஃப்ளவர் எழுதிய குடியிருப்பு வரலாற்றை அந்தப் பிரிவை நினைவிற்கொண்டே படிக்க வேண்டும்.

பிறகு செய்தித்தாள்கள். இல்லினாயில் அடிமைமுறைக்கு வழிவிடும் அரசியலமைப்பு மாநாடு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, 'ஜோனதன் ஃப்ரீமன்' என்ற புனைபெயரில் பர்க்பெக் அதை எதிர்த்து எழுதினார். 1824 ஆகஸ்டில் 4,972 பேர் ஆதரித்தும் 6,640 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். என் கணிப்பில் அவர் வாழ்வின் பெரும்பணி இதுவே. புனைபெயர்களைத் தேடாதவர் இதைத் தவறவிட்டுவிடுவார். அவ்வாண்டு ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ் அவரை மாநிலச் செயலாளராக்கினார். சில மாதங்களில் மாநில செனட் அந்த நியமனத்தை நிராகரித்தது.

இறப்பை எழுதும்போது அதை எதற்கும் தண்டனையாகவோ பரிசாகவோ காட்டாதீர்கள். பயணத்தின் நோக்கம், வழி, ஆறு ஆகியவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். இண்டியானாவின் நியூ ஹார்மனியில் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனைக் கண்டு திரும்பும் வழியில், 1825 ஜூன் 4 அன்று, ஃபாக்ஸ் ஆற்றைக் கடக்கையில் பர்க்பெக் மூழ்கி இறந்தார். நியூ ஹார்மனியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.