போதைக்கு எதிராகத் துறைகள் கைகோர்க்கும்போது எங்கே சறுக்குகிறது?

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலையான கூல் லிப் விற்பதாகப் புகார் போகிறது, போலீஸ் வந்து நாலு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வழக்கும் போட்டுவிட்டுப் போகிறது, மூன்றாம் நாள் அதே கடை திறந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம். குட்கா, பான் மசாலா, இதுபோல வாயில் போடும் புகையிலைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து இருக்கும் தடை உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வந்தது. அந்தத் துறை கூட வந்தால்தான் கடைக்குச் சீல் விழும்.

இதற்காகத்தான் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. அங்கே நடக்கும் பெரிய தவறு, ஆளாளுக்குத் தங்கள் கணக்கை வாசித்துவிட்டு எழுந்து போவது. இத்தனை கைது, இத்தனை கிலோ, இத்தனை பேரணி. சரி, எந்தத் தெரு, எந்தக் கடை, அடுத்த கூட்டத்துக்குள் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள்.

எனக்கு ரொம்ப வலிப்பது பிள்ளைகள் விஷயம். பையில் பொட்டலத்தோடு மாட்டிய பையனுக்கு உடனே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பள்ளியும் இல்லாமல், வீட்டில் அடியும் வாங்கி, அவன் நேராகப் போய் நிற்பது அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தவனிடம்தான். போதைக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள பிள்ளையை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்றுதான் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை போக வேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழு, அழைக்க வேண்டிய எண் 1098. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கும், பிள்ளையை வைத்து விற்றவனுக்கும் அதே சட்டத்தின் 77, 78-ஆம் பிரிவுகளில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவுகளைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கஞ்சாவை மட்டுமே தேடுவதும் தவறு. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் இல்லாத ரெய்டில் மருந்துக்கடைப் பதிவேட்டை யார் பார்ப்பது? ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கும் கூட்டிப்போக வேண்டும்.

அப்புறம், பிடிபட்டவருக்குச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது என்பதையே சொல்லாமல் விடுவது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவோடு மாட்டிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும், பாதியில் நின்றால் அது பறிபோகலாம். இதை ஸ்டேஷனிலேயே யாராவது பிடிபட்டவரின் அம்மாவை உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா? 14446-க்குப் போன் போட்டால் ஆலோசனையும் கிடைக்கும்.

கடைசியாக, புகார் சொன்னவர் பெயரைக் கசிய விடாதீர்கள். போதைப்பொருள் புகாருக்கான 10581 எண்ணில் தகவல் சொன்னவரிடம் மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது "நீதானே போன் போட்டே?" என்று கடைக்காரர் கேட்டுவிட்டால், அந்தத் தெருவிலிருந்து இன்னொரு போன் வராது.